நானூற்றுப் பதினேழாவது பாரம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷின் முன்னால் குனிந்தபடியே கிடக்காதே, நடுநடுவே எழுந்து நட. அத்தானின் முழங்கால் தேவலையா? டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு முட்டிதான் முதல் எதிரி என்று அவரே சொல்வார். டாக்டரிடம் மட்டும் போக மாட்டார்.

வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. காது கேட்கும் கருவி விற்கிற கம்பெனி என்றதும் நீ சிரித்திருப்பாய். உன் காதுக்கு எந்தக் கருவியும் உதவாது என்று மூன்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, உன் தங்கையே அதை விற்கக் கிளம்பியிருக்கிறாள். நன்றாகச் சிரித்துக்கொள்.

இப்போதைக்கு நான் தற்காலிகம்தான். எட்டாம் தேதி முதல் பத்து நாள் இங்கே ஒரு பெரிய கண்காட்சி. அதில் எங்களுக்கு ஒரு ஸ்டால். போகிற வருகிறவர்களை நிறுத்தி, பேச்சுக் கொடுத்து, பெயர், வயது, போன் நம்பர், யாருக்குக் காது கேட்கவில்லை என்பதையெல்லாம் ஒரு பாரத்தில் எழுதி வாங்க வேண்டும். அதற்கு 'லீட்' என்று பெயர். பிறகு அந்த நம்பர்களுக்குப் போன் போட்டுக் கருவியைத் தலையில் கட்டுவார்கள். ஐந்நூறு லீட் பிடித்தால் என்னை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'எத்தனை சார்'. வணக்கம் சொன்னால்கூட "எத்தனை?" என்றுதான் கேட்பார்.

இந்த வேலையும் போனால் நான் உன் கடையில் பட்டன் தைக்க வேண்டியதுதான். நினைத்தாலே உனக்குப் பயமாக இருக்கும்.

அன்புடன்,
உன் தங்கை

மார்ச் 5

என் வாயாடிக்கு,

கடிதம் வந்தது. கழுத்து இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அத்தான் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பார்க்காத டாக்டரைத் திட்டுகிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஸ்டாலில் நாள் முழுக்க நிற்க வேண்டும், நல்ல செருப்பாக வாங்கிக்கொள்.

செல்லில் 'ம்', 'சரி' என்று அனுப்புவதை விட்டுவிட்டு நீ காகிதத்தில் எழுதுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. காதில் எதுவும் விழாத எனக்கு உன் குரல் என்றால் இந்தக் கோணல் கையெழுத்துதான்.

ஆளை நிறுத்துவது பெரிய வித்தையா என்ன? என் கடைக்குத் துணி ஆல்டர் செய்ய வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். நான்தான் முதலில் வாயைத் திறப்பேன். "துணி சுருங்கிடுச்சா, இடுப்பு பெருத்துடுச்சா?" என்பேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். எனக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? உனக்குப் பத்து வயது இருக்கும்போது, "உன் குரல் எல்லாரோட குரல் மாதிரியும் நல்லாத்தான் இருக்கு அக்கா, பேசு" என்று நச்சரித்து என்னைக் கடைத்தெருவில் பேச வைத்தது நீதானே. அதை நம்பித்தான் இந்தக் கடையையே போட்டேன். அப்படிப்பட்ட நீ ஐந்நூறு பேருக்குப் பயப்படலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? என் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. செருப்பு வாங்கவில்லை, திட்டாதே.

எங்கள் ஸ்டாலுக்கு எதிரே ஓயாத கூட்டம். ஆனால் அது கழிப்பறைக்குப் போகிற வரிசை. இரண்டு நாளில் பதினாறு பாரம்தான் சேர்ந்தது. அதில் ஒன்று, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்தது. மற்றவர்கள் இலவசப் பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பாரத்தை என்னிடமே திருப்பித் தருகிறார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மேலே இவ்வளவு பெரிய காது படம் மாட்டியிருக்கிறோம். பத்துப் பேர் பார்க்கும்போது அதன் கீழே நின்று "ஆமாம், எனக்குக் காது மந்தம்" என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? பக்கத்து ஸ்டாலில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி விற்கிறார் ஒருவர். அங்கே திருவிழாக் கூட்டம். நாற்காலிக்காரர் என்னைப் பார்த்து, "ஆள் நின்னாத்தாம்மா ஆள் வருவாங்க. எதையாவது பண்ணி முதல்ல நாலு பேரை நிறுத்து" என்றார். எதைப் பண்ணுவது என்று மட்டும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் எத்தனை சார் வந்தார். கேட்டார். சொன்னேன். பதினாறு பாரத்தையும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

உன் தங்கை

மார்ச் 12

வாயாடிக்கு,

காலை வெந்நீரில் வை. நாளைக்கே செருப்பு வாங்கு. இங்கே எல்லாரும் நலம்.

பதினாறு பேர் வந்தார்களே, அதைப் பார். என் கடைக்கு முதல் வாரம் வந்தது ஒரே ஒரு ஆள், அவரும் விலாசம் கேட்க வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. நாலு மணி நேர பஸ்தானே, நான் வரட்டுமா? என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள், நான் போகிறவர்களையெல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறேன்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

நீ வர வேண்டாம். கூட்டம் தாங்க முடியவில்லை, உனக்கு உட்காரக்கூட இடமிருக்காது. கண்காட்சி முடிந்ததும் நானே வருகிறேன். ஆமாம், கூட்டம்தான்! மூன்றாம் நாளிலிருந்து நிலைமை தலைகீழாகிவிட்டது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு சின்ன டெமோ செய்து பார்த்தேன். ஜனங்கள் நின்றுவிட்டார்கள். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை செய்கிறேன். முந்நூறு பாரம் தாண்டிவிட்டது. எத்தனை சார் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாற்காலிக்காரர் வந்து, "என் கூட்டத்தையே இழுத்துட்டியேம்மா" என்று பொய்யாகக் கோபித்துக்கொண்டார்.

டெமோ என்றால் கருவியைப் போட்டுக் காட்டுவது, அவ்வளவுதான். விவரமாக எழுத ஒன்றுமில்லை.

வராதே, சரியா?

உன் தங்கை

மார்ச் 29

தங்கைக்கு,

கண்காட்சி நல்லபடியாக முடிந்திருக்கும். நிரந்தரமாக்கினார்களா? இங்கே வேலை இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு என்ன? கடிதம் மூன்றே வரிதான் இருந்தது. அத்தானுக்கு ஏதாவதா என்று இரண்டு நாள் குழம்பினேன். இன்று காரணம் தெரிந்துவிட்டது.

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மொத்தம் ஐந்நூற்று நாற்பது பாரம். அதை வரிசையாக அடுக்கி ஒவ்வொரு நம்பருக்கும் போன் போடுவதுதான் இப்போது என் வேலை. உடனே வாங்கக்கூடியவர்களின் பாரத்தில் எத்தனை சார் சிவப்பு மையால் 'ஹாட்' என்று எழுதி வைப்பார். இன்று காலை நானூற்றுப் பதினேழாவது பாரத்தை எடுத்தேன். சிவப்பு மை. அதன் கீழே உன் கையெழுத்து.

'யாருக்குக் காது கேட்கவில்லை?' என்ற கேள்விக்கு 'எனக்கு'. 'எத்தனை வருடமாக?' முப்பத்தொன்று. 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' தங்கை சொல்லி. 'உங்கள் கருத்து?' ஸ்டூலில் உட்கார்ந்த பெண் நன்றாக நடிக்கிறார்.

பாரத்தைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை சார் எட்டிப் பார்த்து, "இந்த நம்பருக்குப் போட்டியா?" என்றார். "இவங்களுக்குக் காது கேட்காது சார்" என்றேன். "அதுக்குத்தானேம்மா பாரம் கொடுத்திருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நீ எப்போது வந்தாய்? எவ்வளவு நேரம் நின்றாய்? ஏன் என் தோளைத் தொட்டுக் கூப்பிடவில்லை? அக்கா, நீ தப்பாக நினைத்துக்கொள்ளாதே. யாரையும் மனதில் வைத்து நான் அதைச் செய்யவில்லை. தொண்டை கட்டியிருந்ததால் குரல் தானாக அப்படி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

உடனே பதில் போடு.

உன் தங்கை

மே 11

அன்புள்ள மைத்துனிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா பேச்சை நிறுத்தி ஐம்பத்தைந்து நாள் ஆகிறது. உன் ஊருக்கு வந்து திரும்பிய நாளிலிருந்து வாய் திறப்பதில்லை. முதலில் தொண்டைதான் சரியில்லையோ என்று டாக்டரிடம் கூட்டிப் போனேன் (ஆமாம், நான் டாக்டரிடம் போனேன்). தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். கடையில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அதில் எழுதிக் காட்டுகிறாள். கடையில் சிரிப்புச் சத்தமே இல்லை. பாதிப் பேர் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கும் சிலேட்டுதான். காலையில் அவள் சத்தம் போட்டுத்தான் நான் எழுந்திருப்பேன், அடுத்த வீட்டுக்காரரும் அதிலேயே எழுந்துவிடுவார். இப்போது தோளைத் தட்டி எழுப்புகிறாள். வீடு யார் வீடு மாதிரியோ இருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அங்கே என்னம்மா ஆச்சு? உனக்குத் தெரிந்தால் சொல்.

இப்படிக்கு,
அத்தான்

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

அத்தான் எழுதியிருந்தார். அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உன்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லக்கூடாது.

போன கடிதத்தில் எழுதியது பொய். சத்தியம் வேறு செய்தேன். தொண்டை கட்டியிருந்தது மட்டும் நிஜம். மூன்றாம் நாள் கரகரத்த குரலில் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் நின்று என்னைப் பாவம் போலப் பார்த்தார்கள். பேனா கேட்கவில்லை, கழிப்பறை எங்கே என்று கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் என் புத்தி கெட்டுப்போனது. ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன்னைப் போலவே பேசினேன். டெக்னீஷியன் கருவியை என் காதில் மாட்டுவார். நான் கண்ணை அகல விரித்து, அழுது, அதன் பிறகு சாதாரணமாகப் பேசுவேன். கை தட்டுவார்கள். பாரத்துக்கு வரிசையில் நிற்பார்கள். எட்டு நாள் செய்தேன் அக்கா.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. உன் பாரத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? 'நல்லவேளை, அவளுக்குக் கேட்டிருக்காது.'

என்னோடு பேச வேண்டாம். அத்தானோடு பேசு, கடையில் பேசு. உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் தங்கை

மே 23

தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

வர வேண்டாம் என்று நீ எழுதியது நான் வந்துவிட்டுப் போன மறுநாள்தான் இங்கே வந்து சேர்ந்தது. உன்னை அசத்த வேண்டும் என்று சொல்லாமல் புறப்பட்டேன். புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அது இன்னும் பையிலேயே இருக்கிறது.

எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாய். கேட்கவில்லைதான். கூட்டத்தின் பின்னால் நின்றதால் உன் உதடும் சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஜனங்களின் முகம். நீ வாயைத் திறந்ததும் ஒரு அம்மாள் புருவத்தைச் சுருக்கினாள். ஒருவர் சட்டென்று தரையைப் பார்த்தார். இரண்டு பெண்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். ஒரு தாய் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இந்த முகங்கள் எனக்குப் புதிதில்லை. நான் பேசும்போதெல்லாம் எனக்கு எதிரே வருகிற முகங்கள் இவை. நான் காது கேட்காதவள் என்பதால் அப்படிப் பார்க்கிறார்கள் என்று முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். உனக்குக் காது நன்றாகக் கேட்கிறதே! உன்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள்? அங்கே நின்றபோதுதான் புரிந்தது, நீ பேசியது என் குரலில்.

நீ நடித்ததற்காக நான் பேச்சை நிறுத்தவில்லை. கோபம் இருந்தது, ரொம்ப இருந்தது, ஆனால் அதற்காக இல்லை. 'உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது' என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தக் கூட்டம் எதைக் கேட்டு அந்த முகம் வைத்தது?

இதற்கு மட்டும் பதில் எழுது. என் குரல் எப்படி இருக்கும்? வேறு எதுவும் எழுதாதே.

அக்கா

மே 30

அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

உன் குரல் பாதி மூக்கிலிருந்து வரும். மெதுவாகப் பேச வேண்டிய இடத்தில் சத்தமாக வரும், சத்தம் வேண்டிய இடத்தில் காற்று மட்டும் வரும். வார்த்தைகளின் கடைசியை விழுங்கிவிடுவாய். ஏற்ற இறக்கம் இருக்காது. புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் பாதிதான் புரியும். நீ ஜோக் சொன்னால் சிலர் சிரிப்பது ஜோக்குக்காக இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எப்போதும் பார்த்தார்கள்.

பத்து வயதில் நான் உன்னிடம் சொன்னது பொய். நீ வாய் திறக்காமல் இருந்தால் கடையில் எல்லாவற்றையும் நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தாங்காமல்தான் அப்படிச் சொன்னேன், பாசத்தினால் இல்லை. நீ பேச ஆரம்பித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் சீட் வேண்டும் என்று நான் முன்னால் ஓடுவேனே, ஜன்னலுக்காக இல்லை. உன்னிடமிருந்து இரண்டு சீட் தள்ளி உட்காருவதற்காக. நீ அங்கிருந்தே சத்தம் போட்டு என்னைக் கூப்பிடுவாய். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஊர்க் கண்காட்சிக்கு ஒரு புதுப் பெண்ணைத் தயார் செய்யச் சொன்னார்கள். ஏப்ரல் முழுக்கக் கற்றுக் கொடுத்தேன். உன் பாரத்தைப் பார்த்த பிறகும் கற்றுக் கொடுத்தேன். அவளுக்குச் சரியாக வரவில்லை. "இப்படி இல்லை, கடைசி எழுத்தை முழுங்கு, மூக்கால பேசு" என்று அவளைத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே, "இப்படிப் பேசறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த வேலையை நான் செய்வதில்லை. மாட்டேன் என்றதும் என்னைக் கிடங்கில் பெட்டி ஒட்டப் போட்டுவிட்டார்கள். அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

தங்கை

ஜூன் 8

தங்கைக்கு,

நானும் அத்தானும் நலம். பெட்டி ஒட்டுகிற பசை கையில் புண் ஆக்கும், துணி சுற்றிக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடை திறக்கவில்லை. நன்றாக அழுதேன். என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. இடுப்பு பெருத்துடுச்சா என்று நான் கேட்டபோது சிரித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் அத்தான் வந்ததும் அவரை உட்கார வைத்து, உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாயால் படித்துக் காட்டினேன். மூக்கிலிருந்து வரும் என்று நீ எழுதியதை மூக்கிலிருந்தே படித்தேன். கடைசியை விழுங்குவேன் என்றதை விழுங்கித்தான் படித்திருப்பேன். அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு படித்தேன். அவர் உன் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் பிறகுதான் வந்தது, நிறையவே வந்தது. முதலில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எண்பது நாள் ஆச்சுடி" என்றார். அவர் உதட்டில் அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சிலேட்டை நான் கழற்றவில்லை. சிலரிடம் பேசுகிறேன், சிலருக்கு எழுதிக் காட்டுகிறேன். யாருக்கு எது என்று நான் முடிவு செய்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நமக்குள் பொய் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. இங்கிருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரு பஸ் போகிறது, ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நாம் இரண்டு பேரும் அதில் போகப் போகிறோம். வழி முழுக்க நான் சத்தமாகப் பேசுவேன். யார் திரும்பிப் பார்த்தாலும் நீ என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அக்கா